பிள்ளைகளுக்கு முதல் மட்டக்குதிரை: குட்டியாக வாங்கி வளர்க்கலாமா?

மற்றவர்களும் தொடர்ந்து படிக்க வசதியாக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உடுமலைப்பேட்டைப் பக்கம் நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு, கட்டுத்தரையில் இரண்டு மாடுகள். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. இருவருக்கும் குதிரை என்றால் உயிர். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும்போதெல்லாம் சவாரி போகாமல் திரும்பியதில்லை. வருகிற ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்குப் போய் ஆறு மாதக் குட்டி ஒன்றைப் பிடித்து வந்தால் பிள்ளைகளோடு சேர்ந்தே வளர்ந்து பழகிவிடும், விலையும் குறைவு என்று நினைக்கிறீர்கள். எந்த இனம் வாங்கலாம், எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்குக் கேட்டது வேறு இரண்டு கேள்விகள்: அந்தக் குதிரையை நம்பிப் பிள்ளைகளை விடலாமா, எங்கள் வீட்டால் அதை நல்லபடியாக வைத்துக்கொள்ள முடியுமா. அவற்றுக்கே பதில் சொல்கிறேன். நான் வேப்பேரியில் படித்த கால்நடை மருத்துவர். கொங்குப் பகுதியில் மாடுகளோடு குதிரைகளுக்கும் பல வருடங்களாக வைத்தியம் பார்த்து வருகிறேன்.

குட்டி வாங்க வேண்டாம். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. கணக்கைப் பாருங்கள். மட்டக்குதிரையின் முதுகில் ஆள் ஏறுவதற்கு அதற்கு நான்கு வயதாவது ஆக வேண்டும். முதுகெலும்பின் வளர்ச்சி முழுமையாக முடிய ஐந்தரை, ஆறு வயதாகும். அதற்கு முன்னால் லேசான ஆள், குறைந்த நேரம் என்றுதான் பழக்க வேண்டும். நீங்கள் ஆறு மாதக் குட்டியை வாங்கினால், அதில் ஏறலாம் என்ற நிலை வரும்போது உங்கள் மகளுக்குப் பன்னிரண்டரை வயது. அப்போதும் அது பழகாத குதிரை. அவளும் பழகாத சவாரிக்காரி. இரண்டு புதியவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க முடியாது. அந்தக் குதிரை நிதானத்துக்கு வரும் எட்டு வயதில் அவள் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பாள். குதிரையோடு கழிக்க வேண்டிய அவளுடைய நல்ல வருடங்கள் எல்லாம் காத்திருப்பிலேயே போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. பிள்ளைகள் கொஞ்சிக் கொஞ்சி வளர்க்கும் குட்டி சாதுவாகும் என்று நம்புகிறோம். பெரும்பாலும் நடப்பது நேர் எதிர். கையில் வெல்லமும் கேரட்டும் தின்று பழகிய குட்டி, கையில் ஒன்றும் இல்லாத நாளில் கடிக்கும். இரண்டு வயதில் விளையாட்டாக முன்னங்காலைத் தூக்கித் தோளில் போடும். அப்போது அதன் எடை நூற்றைம்பது கிலோ. தாய்க்குதிரையும் மற்ற குதிரைகளும் கற்றுக்கொடுக்க வேண்டிய மரியாதையை ஆறு வயதுப் பிள்ளையால் கற்றுக்கொடுக்க முடியாது. என்னிடம் தையலுக்கு வரும் குதிரைகளைவிட, கடிபட்ட பிள்ளையோடு வந்து "இதை யாருக்காவது கொடுத்துவிடலாமா" என்று கேட்கும் வீடுகள்தான் எனக்கு அதிக வருத்தம் தருபவை.

அப்படியானால் எதைத் தேடுவது? எட்டிலிருந்து பதினைந்து வயதுக்குள் இருக்கிற, ஏற்கெனவே பிள்ளைகளைச் சுமந்து பழகிய, பெட்டைக் குதிரை அல்லது காயடித்த ஆண் குதிரை. "பதினைந்தா, கிழடு அல்லவா" என்று சந்தையில் சிரிப்பார்கள். நல்ல பராமரிப்பில் மட்டக்குதிரை இருபத்தைந்து, முப்பது வயது வரை இருக்கும். பன்னிரண்டு வயதுக் குதிரை லாரிச் சத்தம், நாய், நெகிழிப்பை, மேளம் எல்லாவற்றையும் பார்த்துச் சலித்திருக்கும். உங்கள் பிள்ளைகளுக்குத் தேவை அந்தச் சலிப்புதான். நம் ஊரில் ஆண் குதிரைகளைப் பெரும்பாலும் காயடிப்பதில்லை. காயடிக்காத ஆண் குதிரை எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். பருவத்துக்கு வந்த பெட்டையின் வாசம் காற்றில் வந்தால் அதுவரை பழகிய குணம் அந்த நிமிடத்தில் மாறும். வாங்கிய பிறகு காயடித்துக்கொள்ளலாம் என்பார்கள். செய்யலாம், ஆனால் குணம் அடங்கச் சில மாதங்கள் ஆகும், வயது ஏறிய குதிரையில் பழைய பழக்கம் முழுவதும் போகாமலும் இருக்கலாம்.

வயதைப் பல்லில் பார்ப்பார்கள். ஐந்து வயது வரை அது உறுதியான கணக்கு: இரண்டரை, மூன்றரை, நான்கரை வயதுகளில் முன்பற்கள் ஜோடி ஜோடியாக விழுந்து முளைக்கும், ஐந்தில் வாய் நிறைந்துவிடும். அதற்குப் பிறகு தேய்மானத்தை வைத்துச் சொல்வதெல்லாம் உத்தேசம். பத்து வயதுக்கு மேல் மூன்று நான்கு வருடம் முன்பின் இருக்கும். மணல் கலந்த தீவனம் தின்ற குதிரையின் பல் இன்னும் சீக்கிரம் தேயும். ஆகவே பத்துக்கு மேற்பட்ட குதிரைக்கு "சரியாகப் பதினொன்று" என்று யார் சொன்னாலும், நானே சொன்னாலும், அதைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உயரம்: 58 அங்குலத்துக்கு, அதாவது 147 சென்டிமீட்டருக்கு உட்பட்டது மட்டக்குதிரை. உங்கள் பிள்ளைகளுக்கு 44 முதல் 50 அங்குலம் போதும். அந்த அளவுக் குதிரை 200 முதல் 250 கிலோ இருக்கும். சேணத்தோடு சேர்த்து உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. அப்படிப் பார்த்தால் 220 கிலோக் குதிரைக்கு 44 கிலோ. மகளுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது வரை சரியாக இருக்கும், தம்பிக்கு அதற்கு மேலும். நீங்களோ உங்கள் கணவரோ ஆசைக்குக்கூட ஏற முடியாது. இதை முதலிலேயே வீட்டில் பேசிவிடுங்கள். விருந்துக்கு வரும் மாமாக்கள் எல்லோரும் ஒரு சுற்று கேட்பார்கள்.

இனத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் கண்ணைப் பறிப்பவை மார்வாரி, கத்தியவாரி குதிரைகள். உள்நோக்கி வளைந்த காது, நீண்ட கழுத்து, பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை உயரமானவை, சூடான ரத்தம் கொண்டவை, அதாவது எளிதில் மிரண்டு துள்ளுபவை. மேளத்துக்கு ஆடப் பழக்கிய குதிரை என்றால் கண்டிப்பாக வேண்டாம். வாயில் கடிவாளம் அழுந்தி அழுந்திப் புண்ணாகித் தழும்பேறிய குதிரைகள் அவற்றில் நிறைய. முள் வைத்த கடிவாளம் 1965-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்பு விதிகளின்படியே தடை செய்யப்பட்டது, இன்றும் சில இடங்களில் கண்ணில் படுகிறது. ரேக்ளா பந்தயத்தில் ஓடிய சின்னக் குதிரைகளும் விற்பனைக்கு வரும். அளவு கச்சிதமாக இருக்கும். பின்னால் சத்தம் கேட்டால் பறக்க வேண்டும் என்று பழகிய குதிரை அது. உங்கள் தோட்டத்துப் பாதையில் பின்னால் ஒரு பைக் ஹாரன் அடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பந்தய மைதானத்திலிருந்து கழித்துவிட்ட தரோபிரெட் குதிரையை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். நல்ல சவாரிக்காரர்களுக்கே அது வேலை வைக்கும். மலைவாசஸ்தலங்களில் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்த மட்டங்களில் அருமையான குதிரைகள் உண்டு. அவற்றில் ஒரே ஒரு விஷயத்தைச் சோதிக்க வேண்டும்: குதிரைக்காரர் கூட நடக்காமல், முன்னால் வேறு குதிரை போகாமல், தனியாக நடக்கிறதா என்று. பல குதிரைகள் நடக்காது, திரும்பி லாயத்துக்கே போகும்.

இனப் பெயர் தெரியாத நாட்டு மட்டம் நல்ல குணத்தோடு கிடைத்தால் அதையே எடுங்கள். விலையை நான் எழுதப் போவதில்லை. சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசும் விலையில் நிறமும் சுழியும்தான் பாதிக்கு மேல். சுழி பார்ப்பதை நம்பும் பெரியவர்களை நான் மதிக்கிறேன், அவர்களில் சிலருக்குக் குதிரையை அறியும் கண் என்னைவிடக் கூர்மை. நெற்றிச் சுழிக்கும் குணத்துக்கும் தொடர்பு உண்டா என்று சின்ன அளவில் ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். ஒரு பிள்ளையை ஏற்றும் அளவுக்கு நம்பத்தக்கதாக எதுவும் வரவில்லை. சுழி சரியில்லை என்று யாரும் சீண்டாத சாதுவான பெட்டைக் குதிரை உங்களுக்கு வாய்த்தால், வீட்டுப் பெரியவர்களுக்கு மனத்தடை இல்லையென்றால், தயங்காமல் பாருங்கள்.

பார்க்கும் விதம் முக்கியம். சொல்லிவிட்டு ஒருமுறை, சொல்லாமல் ஒருமுறை என இரண்டு தடவையாவது போங்கள். நீங்கள் போகும்போது குதிரை ஏற்கெனவே சேணம் பூட்டி, வியர்த்து நின்றால் சந்தேகப்படுங்கள். ஓட்டிக் களைக்க வைத்திருக்கலாம். அவிழ்த்துவிட்ட இடத்திலிருந்து பிடிப்பது, துடைப்பது, நான்கு குளம்பையும் தூக்கிக் காட்டுவது, சேணம் பூட்டுவது எல்லாவற்றையும் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். அப்போது காது பின்னால் படிகிறதா, வாரை இழுத்துக் கட்டும்போது கடிக்க வருகிறதா என்று பாருங்கள். முதலில் விற்பவரின் ஆள் ஏறட்டும். பிறகு சவாரி தெரிந்த ஒருவர். கடைசியாகத்தான் உங்கள் மகள். விற்பவர் வீட்டாரே ஏறத் தயங்கும் குதிரைக்கு அதற்கு மேல் சோதனை தேவையில்லை. பிறகு கெட்டியான சமதரையில் நேராக ஓட்டமும் நடையுமாக ஓட்டச் சொல்லுங்கள்: முன்னங்கால் வலி உள்ள குதிரை அந்தக் கால் தரையில் படும்போது தலையை மேலே தூக்கும். இது பார்த்தால் யாருக்கும் தெரியும். தெரியாமல் போவது ஊசி போட்டு மறைத்த வலி. வலிநிவாரணி ஒரு நாளுக்கும் மேல் நொண்டலை மறைக்கும். மயக்க மருந்து முரட்டுக் குதிரையைக் கொஞ்ச நேரம் பசுவாக்கும். சந்தைத் திடலில் அரை மணி நேரம் பார்த்து இதை என்னாலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் ஒரு வாரம் தோட்டத்தில் வைத்துப் பார்க்கச் சம்மதிப்பவரிடம் வாங்குங்கள் என்று வற்புறுத்துகிறேன். அதற்குக் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம்.

ரத்தப் பரிசோதனை இல்லாமல் குதிரை உங்கள் வாசலைத் தாண்டக் கூடாது. கிளாண்டர்ஸ் என்ற தொற்று குதிரையிடமிருந்து மனிதருக்கும் வரும், உயிரைப் பறிக்கும். அதற்குத் தடுப்பூசி கிடையாது. உறுதியானால் அரசு விதிப்படி குதிரையைக் கருணைக்கொலைதான் செய்ய வேண்டும். பிள்ளைகள் கட்டிப்பிடித்துப் பழகிய பிறகு அப்படி நடப்பதை நினைத்துப் பாருங்கள். அதோடு குதிரைத் தொற்று ரத்தசோகைக்கும், கடிக்கும் ஈக்கள் பரப்பும் சர்ரா நோய்க்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வந்ததும் டெட்டனஸ், வெறிநோய் இரண்டுக்கும் தடுப்பூசி. வீட்டு விலங்குகளில் டெட்டனஸ் மிக எளிதாகத் தாக்குவது குதிரையைத்தான். குளம்பில் ஏறும் ஓர் ஆணி போதும்.

இனி நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். உங்களிடம் மாடு இருக்கிறது, பக்கத்துத் தோட்டத்தில் கோழிப்பண்ணையும் இருக்கும். மாடு வளர்த்த அனுபவம் கைகொடுக்கும் என்று நினைப்பீர்கள். சாணி அள்ளவும் நேரம் தவறாமல் தண்ணீர் காட்டவும் கைகொடுக்கும். தீவனத்தில் அதே அனுபவம் குதிரையைக் கொல்லும். கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனங்களிலும் மொனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளைக் கலப்பார்கள். கோழிக்கும் மாட்டுக்கும் நன்மை செய்யும் அதே மருந்து குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துவிடும், முறிமருந்து இல்லை. மூட்டையில் எழுதியிருப்பதைப் படித்தும் சந்தேகம் தீராவிட்டால் போடாதீர்கள். மூட்டைகளைக் குதிரைக்கு எட்டாத அறையில் பூட்டி வையுங்கள். மாட்டு உண்ணிக்கு அடிக்கும் அமிட்ராஸ் மருந்தைக் குதிரை மேல் தெளித்தால் குடல் இயக்கம் நின்று வயிற்றுவலியில் கிடக்கும். வேலியோரத்து அரளியை வேரோடு எடுத்துவிடுங்கள். ஆமணக்கும் ஆகாது.

புல்லிலும் வித்தியாசம் உண்டு. தென்னைக்கு நடுவே கோ-4 கம்பு நேப்பியர் போட்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் புல்லிலும், காங்கேயம் கொரங்காட்டுக் கொழுக்கட்டைப் புல்லிலும் ஆக்சலேட் இருக்கிறது. மாட்டின் அசைபோடும் வயிறு அதைப் பெரும்பாலும் சிதைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிக்கொள்ள, உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி எடுக்கும். சில மாதங்களில் முகத்தெலும்பு இருபுறமும் வீங்கும், கால் மாற்றி மாற்றி நொண்டும். தவிடு நிறையப் போட்டாலும் அதிலுள்ள பாஸ்பரஸால் இதே நோய் வரும். கோ-4 போடவே கூடாது என்று சொல்லவில்லை. அதை மட்டுமே போடக் கூடாது. எவ்வளவு வரை பாதுகாப்பு என்பது வெட்டும் வயது, மண், உரம் எல்லாவற்றையும் பொறுத்து மாறுவதால் ஓர் எண்ணைச் சொல்லி உங்களைத் தைரியப்படுத்த மாட்டேன். அருகம்புல், காய்ந்த புல், குதிரைமசால் கலந்து கொடுங்கள். குதிரைமசாலில் கால்சியம் உண்டு. இளஞ்சோளப் பயிர் வேண்டாம், பூஞ்சை பிடித்த கடலைக்கொடி வேண்டவே வேண்டாம். குதிரை என்றாலே கொள்ளு என்று ஆரம்பிப்பார்கள். நாள் முழுக்க வண்டி இழுத்த குதிரைக்கு வேகவைத்த கொள்ளு தேவைப்பட்டது. மாலையில் அரை மணி நேரம் பிள்ளையைச் சுமக்கும் மட்டத்துக்கு நல்ல புல்லும் உப்பும் தாதுக்கலவையும் போதும். மட்டக்குதிரைகள் கொஞ்சம் தின்றே கொழுக்கும் ஜாதி. கொழுத்தால் குளம்புக்குள் வீக்கம் வந்து நிற்கவே முடியாமல் போகும். 250 கிலோக் குதிரைக்கு நாளுக்கு நான்கைந்து கிலோ காய்ந்த தீவனம், அல்லது அதற்கு ஈடான பச்சைப்புல் இருபது கிலோவுக்கு மேல், சிறுசிறு பங்காக. இருபது முதல் நாற்பது லிட்டர் தண்ணீர்.

வயிற்றுவலி வந்தால் குதிரைக்கு வாந்தி வராது. உள்ளே போனது குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். தரையைக் காலால் பறித்தாலோ, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, படுத்துப் புரண்டாலோ காலை வரை காத்திருக்கக் கூடாது. இதற்காகவே, குதிரையைத் தேடுவதற்கு முன்னால் இரவில் அழைத்தால் வரக்கூடிய, குதிரை பார்த்த அனுபவமுள்ள மருத்துவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். அப்படியே லாடக்காரரும். காளைக்கு லாடம் கட்டுபவர் உங்கள் பக்கம் இருப்பார். குதிரைக் குளம்பைச் சீவுவது வேறு கைவேலை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை அது நடந்தாக வேண்டும், லாடம் அடிக்காவிட்டாலும். கிட்டத்தில் இந்த இருவரும் இல்லையென்றால் குதிரை வாங்கும் யோசனையையே தள்ளிப் போடுங்கள் என்பேன்.

பிள்ளைகள் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். குதிரையேற்றத்துக்கென்று செய்த தலைக்கவசம். சைக்கிள் ஹெல்மெட் ஆகாது. சிறிய குதி வைத்த மூடிய காலணி, அங்கவடிக்குள், அதாவது சேணத்தில் கால் வைக்கும் வளையத்துக்குள், பாதம் நழுவி மாட்டிக்கொள்ளாமல் இருக்க. தலைக்கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. உங்கள் மகன் இன்னும் இரண்டு வருடமாவது பெரியவர் கையில் கயிறு இருக்கும்போது மட்டும் ஏறட்டும்.

குதிரை கூட்டத்தில் வாழும் பிராணி. தனியாகக் கட்டிப்போட்டால் வேலியைக் கடிக்கும், நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். இன்னொரு குதிரை முடியாதென்றால் உங்கள் மாடுகள் கண்ணில் படும் இடத்தில் லாயம் போடுங்கள், ஓர் ஆட்டையாவது துணைக்கு விடுங்கள். குதிரைக்குக் குதிரை துணையாவதுபோல அவை ஆகாது, தனிமைக்கு எவ்வளவோ மேல். பகலில் சில மணி நேரமாவது கயிறில்லாமல் நடக்க இடம் வேண்டும். நான்கு ஏக்கர் தோப்பில் ஓர் ஓரத்தை, முள்கம்பி இல்லாத வேலி போட்டு ஒதுக்கலாம்.

உங்கள் கடிதத்தில் ஒரு பதில் இல்லை: விடிகாலையில் யார் பார்ப்பார்கள்? பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள், பரீட்சை வரும், காய்ச்சல் வரும். பெரியவர்களில் ஒருவர் இது என் வேலை என்று மனமாரச் சொல்ல வேண்டும். கூலிக்கு ஆள் வைத்தால்கூட அது நடக்கிறதா என்று பார்க்கும் கண் வீட்டுக் கண்ணாக இருக்க வேண்டும். பன்னிரண்டு வயதில் வாங்கும் குதிரை, உங்கள் மகள் கல்லூரிக்குப் போன பிறகும் பல வருடங்கள் இருக்கும். அப்போது அது யாரிடம் இருக்கும் என்பதையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

இந்த ஆடிக்கு அந்தியூருக்குக் கட்டாயம் குடும்பத்தோடு போங்கள். பிள்ளைகள் அத்தனை குதிரைகளைப் பார்க்கட்டும், நீங்கள் குதிரைக்காரர்களிடம் பேசுங்கள், பணத்தை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் கோவைப் பக்கம் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் மகளைச் சேர்த்து, சவாரியோடு லாயம் கூட்டுவது, குளம்பு சுத்தம் செய்வது, தீவனம் வைப்பது எல்லாம் ஒரு வருடம் கற்கட்டும்; உங்களில் ஒருவரும் கூடவே கற்றுக்கொள்ளுங்கள். பெரியதாகி ஏற முடியாமல் போன பிள்ளையின் மட்டத்தை நல்ல வீட்டுக்குக் கொடுக்கத் தேடுபவர்கள் அந்தப் பள்ளிகளின் வட்டத்தில்தான் இருப்பார்கள், பயிற்சியாளருக்கு அந்தக் குதிரையின் குணம் வருடக்கணக்காகத் தெரிந்திருக்கும். அப்படி ஒன்று கிடைக்கும்போது, வாங்குவதற்கு முன்னால், அது ஓடும் காணொளியையும் பல்லின் படத்தையும் இங்கே போடுங்கள். படத்தில் தெரிவதை மட்டும் நான் சொல்வேன். நேரில் தொட்டுப் பார்க்க உங்கள் பக்கத்து மருத்துவர் வர வேண்டும்.